பதிவாயிட்டு, கிண்டுமா?

என் பெயரில் மூன்று பேடன்ட் இருப்பதாகத் திருநெல்வேலியில் குறைந்தது நாற்பது பேர் நம்புகிறார்கள். என் மாமனார் அதில் ஒருவர். கொஞ்ச காலம் நானும் நம்பினேன்.

முதலாவது, அல்வாப் பதம் காட்டும் கருவி. சட்டியில் ஒரு சென்சார், துடுப்பில் ஒரு சென்சார், பதம் வந்ததும் செல்போனில் மணி அடிக்கும். கண்டுபிடித்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்கு அல்வாவில் சேர்வது கோதுமைப்பால் என்பதே தெரியாது. கருவியைச் செய்தோமா என்று கேட்காதீர்கள். படம் வரைந்தோம். அம்புக்குறிகள் நன்றாக வந்திருந்தன.

2022இல் விண்ணப்பித்தோம். சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் வெளியிடுவார்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் அதற்கொரு படிவம். கொடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காப்புரிமை அலுவலக இதழில் என் பெயர் வந்தது. கல்லூரியில் என் துறை முழுக்க அல்வா கொடுத்தேன். விசிட்டிங் கார்டில் ‘காப்புரிமையாளர்’ என்று போட்டு 200 அட்டை அடித்தேன். இதழில் வந்தது வெறும் விண்ணப்பம். பரிசீலிக்கச் சொல்ல வேறு படிவம், வேறு கட்டணம் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அந்தப் படிவத்தைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. டவுனில் ஒரு அல்வா மாஸ்டரிடம் படத்தைக் காட்டியிருந்தேன். “நெய் கக்கும்போது கண்ணுக்கே தெரியும்லா அண்ணாச்சி, அதுக்கு எதுக்கு மணி?” என்றார். அதிகாரியும் அதைத்தானே கேட்பார்.

இரண்டாவது, பத்தமடைப் பாய்க்குக் கோரை ஊறவைக்கும் முறை. பாய் முடையும் ஓர் அம்மா ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். “ஓடுற தண்ணியில போடணும் தம்பி, நின்ன தண்ணின்னா கெட்டுப்போவும்.” குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதையே பதினான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வழிவழியாக வந்த அறிவைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது என இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. மஞ்சளுக்கு அமெரிக்கா 1995இல் கொடுத்த காப்புரிமையை இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். மறுபரிசீலனை கேட்டு 1997இல் ரத்தாக்கியதை, வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்பவனும் நான்தான்.

மூன்றாவதை ஒரு நண்பர் எழுதினார். என் பெயரைச் சேர்த்தார். தலைப்பு நீளம், இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

ஆனால் எண்ணிக்கையில் மூன்றும் மூன்றுதான். 2022-23இல் காப்புரிமை விண்ணப்பங்களில் இந்தியாவிலேயே தமிழ்நாடு முதலிடம், 7,600க்கும் மேல். செய்தியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அணைகட்டின அணிலுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், என்ன, அது நிஜமாகவே மண் சுமந்தது. 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை. கல்லூரிகளை வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கும் மதிப்பெண் உண்டு. அப்புறம் ஆளுக்கு வருடம் ஒன்று என்று மேலிடம் கேட்காமல் இருக்குமா? நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்க்ரிமென்ட் வந்தது.

அதே கணக்கில் பத்தமடைப் பாய்க்கு இடமில்லை. அதற்கு இருப்பது புவிசார் குறியீடு, அது ஊருக்கே பொது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கட்டியவை. இன்றும் வாய்க்காலில் தண்ணீர் போகிறது. கட்டினவன் படிவம் நிரப்பவில்லை. என்னிடம் படித்த பையன் பெங்களூர்க் கம்பெனியில் எதையோ உருப்படியாகக் கண்டுபிடித்தான். கணக்கு விண்ணப்பதாரர் முகவரிப்படி. அது கர்நாடகத்துக்குப் போய்விட்டது. நெல்லைக்கு மிஞ்சியது நான்.

போன மாதம் மாமனார் வந்திருந்தார். என் விசிட்டிங் கார்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஓரம் கிழிந்திருந்தது, எத்தனை பேரிடம் காட்டினாரோ.

“மாப்ளே, அந்த அல்வா மிஷின் எப்ப கடைக்கு வரும்?”

“பதிவாயிட்டு மாமா.”

“பதிவாயிட்டு, சரி. கிண்டுமா?”

பதில் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல, கால் கிலோ அல்வாவை அவர் கையில் கொடுத்தேன்.