துணி எத்தனை கஜம்?

கிளாஸ்கோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முட்டி வலியும் தறிக்கு வந்த கரண்டு பில்லும் இப்போது எப்படி இருக்கின்றன?

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையில் நான் நிற்கும் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்து அம்மா, "வேலை போயிடுச்சாடா?" என்று கேட்டாள். அக்கா வரிசையாகச் சிரிப்பு பொம்மைகளாக அனுப்பினாள். நகரி மாமா "ஏம்ரா இதி?" என்றதோடு சரி, அப்புறம் பேசவே இல்லை. நீங்க ஒருத்தர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டீங்க: "துணி எத்தனை கஜம், நெசவு எப்படி?" அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டுங்க, கொஞ்சம் மரியாதை சேர்த்து.

கணக்கு இதுதான். முழு கில்ட் என்றால் எட்டு கஜம். கோவிலுக்கு மடிசார் கட்டி வரும் மாமிகளைவிட ஒரு கஜம்தான் குறைவு. நல்ல கனமான கம்பளி. கட்டினால் இடுப்பில் கிட்டத்தட்ட 2 கிலோ. ரெண்டு இழை மேலே, ரெண்டு இழை கீழே என்று சாய்ந்து ஓடும் ட்வில் நெசவு. பெரும்பாலும் பாவில் என்ன கலர் வரிசையோ, ஊடையிலும் இழை பிசகாமல் அதே வரிசை. முன்னால் ரெண்டு தட்டை மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று, பின்னால் முழுக்கக் கொசுவம். கொசுவத்தை இவ்வளவு மடித்த பிறகும் பின்பக்கக் கட்டம் உடையாமல் அப்படியே ஓடுவதுபோல் தைக்கிறார்கள். தையல்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. பழக்கமில்லாத ஊர் என்பதால் விட்டுவிட்டேன்.

ஏன் கட்டினேன்? மழைநீர் வடிகால் பற்றிப் பொறியாளர் கூட்டம் ஒன்றில் அரை மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பில் "கோட்டு சூட்டு அல்லது ஹைலண்ட் உடை", அதாவது கில்ட், என்று இருந்தது. முன்பெல்லாம் சூட்டில் போய்ப் பேசியிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் வந்து கைகுலுக்குகிறவர், வடிகாலைப் பற்றிக் கேட்காமல், "நீங்கள் உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பார். இந்த முறை அந்தக் கேள்விக்கு வேறு வேலை கொடுக்கலாம் என்றுதான் வாடகைக் கடைக்குப் போனேன். சொந்தமாக வாங்குகிற காசுக்கு நம்ம திருத்தணியில் ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் குலம் என்ன?" தூக்கிவாரிப் போட்டது. நம்ம பக்கத்தில் இதையே "நீங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே நேராகவே கேட்டுவிட்டார். அவர் கேட்டது துணிக்காகத்தான். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டமாம். எனக்கு இல்லை என்றதும் முகம் சுளிக்காமல், குலமே வேண்டாம், யாரும் கட்டலாம் என்று ஒன்றை எடுத்துப் போட்டார். நீலம், பச்சை, கருப்பு. பெயர் 'பிளாக் வாட்ச்'. அச்சு அசல் நீங்க போன தீபாவளிக்குக் கொடுத்த லுங்கி. உடனே சம்மதித்துவிட்டேன்.

மேல்சட்டையில்தான் வழுக்கப் பார்த்தது. பிரின்ஸ் சார்லி என்று ஒரு குட்டைக் கோட்டு இருக்கிறது. வெள்ளிப் பொத்தான், பட்டுக் காலர், கழுத்தில் போ டை. எனக்கு ஆசைதான். ஆனால் அது ராத்திரி விருந்துக்கு உரியது. பகல் பதினொரு மணிப் பேச்சுக்கு அதைப் போட்டுப் போனால் ஹோட்டல் சர்வர் என்று நினைத்து காபி கேட்பார்கள் என்றார் கடைக்காரர். ஆகவே பகலுக்கு ட்வீட் கோட்டு, அதே துணியில் உள்கோட்டு, சாதாரண டை, ரோமமில்லாத தோல் பை, முட்டிக்குக் கீழே மடித்துவிட்ட கம்பளிச் சாக்ஸ். கில்ட்டின் ஓரம் முட்டி நடுவில் நிற்க வேண்டும். அப்பா வழியில் எனக்கு வந்த ஒரே சொத்து இந்த முட்டி. அதை ஒரு சபை முழுக்கப் பார்த்தது.

அந்தத் தோல் பையின் கதையைச் சொல்லியே ஆகணும். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. அதற்குப் பதில் முன்பக்கம் நடு மத்தியில் சங்கிலியில் தொங்குவது ஸ்போரன். அதில் நான் வைத்திருந்தவை: போன், வீட்டுச் சாவி, விசிட்டிங் கார்டு, இருமல் மிட்டாய், அம்மா அனுப்பிய மலை விபூதி. மைக் பையன் வந்தான். டையில் குட்டி மைக், அதன் வயர் போய்ச் சேரும் பெட்டியைப் பேண்ட் பின்னால் மாட்டுவது அவன் வழக்கம். என்னைத் திருப்பினான், கொசுவம்தான் தெரிந்தது. கிளிப் அந்தக் கம்பளிக் கனத்தில் நிற்கவில்லை. கோட்டுப் பையில் போட்டோம், கோட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஸ்போரனைத் திற என்றான். விபூதிக்குப் பக்கத்தில் பெட்டி உட்கார்ந்தது. சோதனைக்கு நடந்தேன், அரங்கம் முழுக்கக் கிணுங் கிணுங் என்று சங்கிலிச் சத்தம். நடக்கச் சொன்னான், நிற்கச் சொன்னான், மறுபடி நடக்கச் சொன்னான், பிறகு சங்கிலிக்குக் கருப்பு டேப் சுற்றினான். அடுத்து 'டர்ர்' என்று ஒரு சத்தம். உள்ளே போனும் பெட்டியும் சண்டை போடுகின்றனவாம். போனை எங்கே வைப்பது? இடது சாக்ஸில். பேச்சு நன்றாகவே போனது. ஆனால் டீ நேரத்தில் மைக்கை அணைக்க வேண்டுமே! பெரிய மனிதர்கள் சூழ்ந்து நிற்க, முன்னால் தொங்கும் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் மைக்கில் போனது.

வலது சாக்ஸில் ஒரு சின்னக் கத்தி செருகுவது மரபு. பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் குற்றம், தேசிய உடையின் பகுதியாக என்றால் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நம்ம நிறத்துக்கு அந்த விலக்கை வாசலில் நின்று விளக்குகிற நெஞ்சுரம் எனக்கில்லை. கத்தி இருக்க வேண்டிய இடத்தில் சிலைடு மாற்றும் ரிமோட்டைச் செருகிக்கொண்டேன்.

பேச்சை நம்ம ஊரிலிருந்துதான் தொடங்கினேன். 1780 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் 73-வது ஹைலண்டர் படையின் ஆட்கள் காஞ்சிபுரத்திலிருந்து நம்ம பக்கத்துப் பேரம்பாக்கத்துக்கு வந்து ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் பெய்லியோடு சேர்ந்தார்கள். மறுநாளே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் அந்தப் படையை நொறுக்கிவிட்டார்கள் என்றேன். அந்த வருஷம் ஸ்காட்லாந்திலேயே இந்த உடைக்குத் தடை இருந்தது: 1746-ல் போட்ட சட்டம், 1782-ல்தான் நீங்கியது. ஊரில் கட்டினால் முதல் தடவை ஆறு மாதம் ஜெயில், மறுபடி கட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் தடையில்லை. சபை சிரித்தது, அப்புறம் சிரிக்கவில்லை, பிறகு வடிகாலைக் கவனமாகக் கேட்டது. முடிந்ததும் வந்தவர் யாரும் என் ஊரைக் கேட்கவில்லை. எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தேன் என்றுதான் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உங்க லுங்கிக்கு மாறியதும்தான் இடுப்பு மூச்சு விட்டது. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கில்ட்டை மடியில் விரித்து, ரெண்டின் கட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இங்கே 2008-ல் சட்டம் போட்டு, 2009 முதல் டார்ட்டன் என்ற இந்தக் கட்டங்களுக்கென்றே அரசுப் பதிவேடு நடத்துகிறார்கள். எடின்பரோவில் ஆவணக் காப்பகம் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர், எண், எந்தக் கலரில் எத்தனை இழை என்ற கணக்கு. ராப் ராய் என்று ஒன்று. சிவப்பும் கருப்பும் சம சதுரம், அவ்வளவுதான். நீங்க அதைப் பார்த்தால் துண்டுக்குக்கூட ஆகாது என்பீங்க. அதற்கும் பதிவு உண்டு. பதிந்தால் காசு கொட்டாது, மற்றவர் நெய்வதையும் அது தடுக்காது. ஆனால் யார் போட்ட கட்டம் என்பது இருக்கும். பொதட்டூர்பேட்டையில் நீங்க போட்ட கட்டங்களை அடுத்த தெருத் தறியிலேயே பார்த்திருக்கிறோம். மெல்லிய கட்டம் போட்ட பருத்திச் சட்டையை இங்கே 'மெட்ராஸ்' என்று விற்கிறார்கள். நெய்தவன் பெயர் அதில் எங்கும் இல்லை.

அதனால் ஒரு வேலை செய்யுங்க சித்தப்பா. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, உங்க கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் கலர், இழைக் கணக்கு, முதலில் பாவு ஓட்டிய வருஷம் எழுதி, பக்கத்தில் ஒரு சாண் துணி ஒட்டி வையுங்க. மேலே உங்க பெயரை முழுசாக எழுதுங்க. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லி அக்காவிடம் சொல்லுங்க. சிரிப்பு பொம்மை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்