போனை மாத்தலாமா, அண்ணாச்சி?

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்ததும் நம் பெட்டிக்கு வரும் கேள்விகள் வழக்கமாக "அருவியில தண்ணி விழுதா?" என்றுதான் இருக்கும். இந்த முறை பாதிக்கு மேல் போனைப் பற்றி. தண்ணி விழுகிறது. இனி போன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், செங்கோட்டை

கே: ஒரு போனை எத்தனை வருஷம் வைத்திருக்கலாம் அண்ணாச்சி? மகன் இரண்டு என்கிறான், மருமகன் மூன்று என்கிறார்.

ப: இருவரும் யார் காசில் கணக்குப் போடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு வருஷம் என்பது ஸ்மார்ட்போன் புதுசாய் வந்த காலத்துக் கணக்கு. அப்போது ஒவ்வொரு மாடலிலும் நிஜமாகவே ஏதாவது கூடியது: கேமரா தெளிந்தது, திரை பெருத்தது, 3ஜி போய் 4ஜி வந்தது. இப்போது புது மாடலில் என்ன புதுசு என்று கேட்டால், கடைக்காரரே பெட்டியைத் திருப்பிப் படிக்கிறார்.

ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் சுமார் 16 கோடியே 10 லட்சம். அடுத்த வருஷம் அது 14 கோடியே 40 லட்சமாக இறங்கியது. 2024-லும் 15 கோடியே 10 லட்சம்தான். போன் வைத்திருப்பவர்கள் குறைந்தா போனார்கள்? இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விலையும் ஒரு காரணம்; 2020 ஏப்ரலிலிருந்து போனுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது.

என் கட்சி இதுதான்: வருஷத்தை எண்ண வேண்டாம், எது செத்தது என்று பாருங்கள். பேட்டரியா, திரையா, அப்டேட்டா, இல்லை வெறும் சலிப்பா? முதல் இரண்டுக்கும் மெக்கானிக் இருக்கிறார். மூன்றாவதுக்குப் புது போன். நாலாவதுக்குப் பேரருவியில் அரை மணி நேரம் தலையைக் கொடுங்கள், இறங்கிவிடும்.

இல்லத்தரசி, இலஞ்சி

கே: என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுகிறார். கேட்டால் "பழசு ஸ்லோ" என்கிறார்.

ப: அந்தப் பழசை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. உங்கள் கையில் வேகமாக ஓடினால் உங்களுக்கு லாபம். அங்கேயும் ஸ்லோ என்றால் உள்ளே திறந்து பாருங்கள்: நாலாயிரம் "குட் மார்னிங்" படம், பார்க்காத கல்யாண வீடியோ, போன தேர்தலில் வந்த மீம்ஸ் எல்லாம் இருக்கும். ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பினால் எந்த போனும் திணறும். அழிக்கக் காசு கேட்பதில்லை.

டீக்கடை வாடிக்கையாளர், கடையநல்லூர்

கே: பழைய போனைக் கம்பெனிக்காரனே வேணும்னு ஸ்லோ பண்ணுகிறான் என்கிறார்களே, நிஜமா?

ப: உங்கள் டீக்கடை சொல்வதில் பாதிக்கு மேல் நிஜம். பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. "பேட்டரி தளர்ந்த போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம்" என்பது அவர்கள் சமாதானம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லாமல் செய்ததுதான் வம்பாகிவிட்டது. பிரான்ஸ் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் தீட்டியது. அதற்கு முன்பே, 2018-ல் இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், வேறொரு அப்டேட் விவகாரத்தில் சாம்சங்குக்கு ஐம்பது லட்சமும் போட்டது.

இதில் நமக்கு உதவுகிற விஷயம் அபராதக் கணக்கு இல்லை. பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது. ஆப்பிளும் அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. புது போனுக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்குப் புது பேட்டரியே போதுமாய் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காய்கறி வியாபாரி, பாவூர்சத்திரம்

கே: விடியக்காலை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறேன். லாரியில் லோடு ஏறி முடிப்பதற்குள் சார்ஜ் முடிந்துவிடுகிறது. போனைத் தூக்கிப் போட்டுவிடவா?

ப: பொறுங்கள். பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உள்ளிருக்கும் லித்தியத்தில் கொஞ்சம் சிக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பாமல் போகிறது. பல போன்களில் 500 முழுச் சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும். புது போன்கள் சிலவற்றில் 1000 சுற்று தாங்கும். வயரைச் செருகிய தடவையெல்லாம் சுற்று ஆகாது. இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. உங்களைப் போல் தினமும் ஒட்டக் காலி செய்கிறவருக்கு ஒன்றரை வருஷத்திலேயே அந்த ஐந்நூறு வந்துவிடும்.

மார்க்கெட்டில் போன் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்: வெயிலில் நிற்கும் பைக்கின் ஹேண்டிலில், இல்லாவிட்டால் வண்டிக்குள் கண்ணாடிக்குப் பின்னால். பேட்டரிக்குச் சூட்டைப் போல எதிரி கிடையாது. நிழலில் வையுங்கள். இரவெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்து ஏற்ற வேண்டாம். நல்ல பேட்டரி மாற்றினால் இன்னும் இரண்டு வருஷம் தக்காளி விலை பேசலாம். பின்மூடி உப்பிக்கொண்டு வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்; அமுக்கிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது ஒன்றும் வேண்டாம். அணைத்துவிட்டு அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சீசனுக்கு வந்தவர், சென்னை

கே: என்னுடையது ஐ.பி.68 போன். பேரருவியில் குளித்துக்கொண்டே வீடியோ எடுக்கலாம்தானே?

ப: வாங்க, வாங்க. உங்களை நம்பித்தான் சீசனில் ரிப்பேர் கடைகள் ஆள் கூட்டி வைத்திருக்கின்றன. அந்த 68-ல் ஆறு தூசிக்கு, எட்டு தண்ணீருக்கு. எட்டு என்றால், அசையாத நல்ல தண்ணீரில், கம்பெனி சொல்லும் ஆழத்தில், கம்பெனி சொல்லும் நேரம் வரை தாங்கும் என்று பொருள். பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து புரண்டு, அங்கிருந்து உங்கள் முதுகில் இறங்குகிறது. அடித்து விழும் தண்ணீருக்கு வேறு சோதனை, வேறு எண் இருக்கிறது. போதாக்குறைக்கு, தண்ணீரைத் தடுப்பது ஓரங்களில் இருக்கும் பசையும் ரப்பரும்தான். அவை வருஷத்துக்கு வருஷம் தளரும், ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண வாரண்டி பெரும்பாலும் செல்லாது. "உள்ளே போகவே இல்லை சார்" என்று வாதாடவும் வழியில்லை. தண்ணீர் பட்டால் சிவக்கும் ஒரு துண்டு ஸ்டிக்கரைப் பல போன்களில் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். போனைக் கரையில் நிற்கும் மாமனாரிடம் கொடுங்கள். வீடியோவில் உங்கள் தலை வராது, போன் வரும்.

அதே சென்னைக்காரர், மறுநாள்

கே: மாமனார் கை தவறிப் போட்டுவிட்டார். அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். சரியாகுமா?

ப: அரிசியை உலையில் போடுங்கள், அதற்கு அதுதான் வேலை. அரிசியில் வைக்காதீர்கள், துகள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும் என்று 2024 ஜனவரியில் ஆப்பிளே எழுதி வைத்தது. அணைத்து வையுங்கள். சார்ஜரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சிம் தட்டை வெளியே எடுத்துவிட்டு, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி, மின்விசிறி முன்னால் வையுங்கள். ஒரு நாளில் காயும் என்று வேறு ஊரில் சொல்வார்கள். சாரல் நேரத்தில் துவைத்த லுங்கியே மூன்று நாள் ஈரம் சொட்டுகிற ஊர் இது, பொறுமை வேண்டும். முடிந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் கொடுத்துத் திறந்து துடைக்கச் சொல்வது மேல்.

பெயர் சொல்ல வெட்கப்பட்டவர், குற்றாலம் விடுதியிலிருந்து

கே: ஜன்னல் ஓரம் வைத்த போனைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது!

ப: நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் காட்டுங்கள். பழைய போனுக்கு நியாயமான எக்ஸ்சேஞ்ச் கேட்கிற ஒரே ஆள் அதுதான்.

கல்லூரி மாணவர், ஆலங்குளம்

கே: என் போனில் 5ஜி இல்லை. வகுப்பில் கேவலமாய் இருக்கிறது.

ப: நாட்டில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. அதற்கு முன்னும் மக்கள் அரியர் வைத்தார்கள், பாஸும் ஆனார்கள் தம்பி.

தையற்கலைஞர், சுரண்டை

கே: என் போனுக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டதாம். ஆனால் நன்றாகத்தான் ஓடுகிறது. வாடிக்கையாளர்கள் ஜி.பே.யில்தான் பணம் போடுகிறார்கள். மாற்ற வேண்டுமா?

ப: இத்தனை கேள்வியில் "ஆமாம், மாற்றுங்கள்" என்று நான் யோசிக்காமல் சொல்லக்கூடியது உங்களுக்குத்தான். புது எமோஜி வராததைப் பற்றிக் கவலை இல்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்று அர்த்தம். பணம் போகிற வரும் வாசலில் தாழ்ப்பாள் துருப்பிடிக்கக் கூடாது. உடனே வாங்க வசதி இல்லையென்றால், வங்கிக் கணக்கை வீட்டில் புதுசாய் இருக்கும் இன்னொரு போனுக்கு மாற்றி, இதைப் பேசவும் பாட்டுக் கேட்கவும் வையுங்கள். பிறகு ஒவ்வொரு செயலியாகக் கைவிடும். ஆண்ட்ராய்டு 5-க்கு முந்திய போன்களை வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு விட்டுவிட்டது.

அடுத்ததை வாங்கும்போது, கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2023-ல் வந்த பிக்சல் 8, 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விலை குறைந்த போன்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் பிடிக்க வேண்டும், முக்கிய உதிரிபாகம் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். நம் ஊரில் அந்த மாதிரிச் சட்டம் வரும்வரை, கேட்டு வாங்குவது ஒன்றுதான் சட்டம்.

எலுமிச்சை விவசாயி, புளியங்குடி

கே: திரை உடைந்த போனைத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். "இதைச் சரிபண்ற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

ப: பழுதுச் செலவு, அந்த போன் பழசாக என்ன விலைக்குப் போகுமோ அதைத் தாண்டினால் அவர் சொல்வது சரி. தாண்டாவிட்டால் அடுத்த கடைப் படி ஏறுங்கள்.

தென்காசி வரைக்கும் போனீர்களே, காசி விசுவநாதர் கோயிலுக்குள்ளும் போயிருக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், "பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறிய வணங்குகிறேன்" என்ற கருத்தில் ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கட்டும்போதே ரிப்பேரைப் பற்றி யோசித்தவன். பிற்காலத்தில் ராஜகோபுரம் பாழாகி வெகுகாலம் மொட்டையாக நின்றது. 1990-ல் மறுபடி எழுந்தது. வரப்போகிற கொத்தனாருக்கு ராஜாவே கும்பிடு போட்டு வைத்த ஊர் இது. போன் செய்கிறவர்களோ பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள், சாதாரணத் திருப்புளி நுழையாத ஸ்குரூவை மாட்டுகிறார்கள். திறந்து பார்க்கிற மெக்கானிக்குத் திட்டுத்தான் மிச்சம். பிரான்ஸில் 2021 முதல் ஒவ்வொரு ஸ்மார்ட்போன் மாடலுக்கும் பத்துக்கு இத்தனை என்று ரிப்பேர் மார்க் போட்டுத்தான் விற்கவேண்டும் என்று வைத்தார்கள். நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. பாண்டியன் அளவுக்கு இன்னும் யாரும் குனியவில்லை.

ஐ.டி. ஊழியரின் அம்மா, மத்தளம்பாறை பக்கம்

கே: போனைக் கிழவனாக்குவது போன் செய்கிறவர்களா, ஆப் செய்கிறவர்களா?

ப: உங்கள் மகனையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது! ஆப் செய்கிறவர்களுக்குப் பங்கு அதிகம் என்பேன். போன வருஷம் லேசாக இருந்த செயலி இந்த வருஷம் நினைவகத்தை இரட்டிப்பாகக் கேட்டால் போன் என்ன செய்யும்? உங்கள் ஊரில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் "அரட்டை" செயலி 2025-ல் திடீரென்று பிரபலமானபோது, விலை குறைந்த போனிலும் மெதுவான இணைப்பிலும் ஓடும் என்பதையே ஒரு பெருமையாகச் சொன்னார்கள். இது எல்லா ஆப்காரர்களுக்கும் பெருமையாகப் பட்டால், பாதிப் போன்களுக்கு ஆயுள் கூடும்.

மெக்கானிக் கடை உதவியாளர், கடையம்

கே: பாதி விலைக்கு ஒரு நல்ல போன் வருகிறது. பில் மட்டும் இல்லை.

ப: பில் இல்லாத போனுக்குப் பின்னால் பெரும்பாலும் பில்லோடு ஒருவர் தேடிக்கொண்டிருப்பார். *#06# அடித்தால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் பட்டியலில் இருந்தால் அங்கேயே தெரியும். வாங்கிய பிறகு தெரிந்தால் ஸ்டேஷனில் தெரியும்.

தமிழாசிரியை, தென்காசி

கே: ரசிகமணி டி.கே.சி. காலத்தில் ஸ்மார்ட்போன் இருந்திருந்தால்?

ப: குற்றாலத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன, அவர் மறைந்த 1954-க்குப் பிறகும் நாம் படிக்கிறோம். போன் இருந்திருந்தால் பத்து நிமிஷ வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருப்பார். நண்பர்கள் போன் மாற்றியபோது பேக்கப் எடுக்க மறந்திருப்பார்கள். முடிந்தது இலக்கியம். நீங்கள் மாற்றுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், டீச்சர்.

குடும்பத் தலைவி, மேலகரம்

கே: பீரோவில் நாலு பழைய போன் கிடக்கிறது. தெருவில் வருகிறவர் ஒன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா தருகிறார். கொடுத்துவிடவா?

ப: போட்டோக்களோடு கொடுத்தால் டப்பா மிக விலை உயர்ந்ததாகிவிடும். முதலில் ஃபேக்டரி ரீசெட். ஓடக்கூடியதை ஓட்டுகிறவருக்குக் கொடுங்கள். ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரியில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. ஓடாததை மின்கழிவு எடுக்கும் இடத்திலோ, கம்பெனியின் சர்வீஸ் மையத்திலோ கேட்டுக் கொடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பைச் சட்டம் தயாரிப்பாளர் மேல்தான் வைத்திருக்கிறது. ஐ.நா. கணக்கில் 2022-ல் உலகம் போட்ட மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம். மீதி எங்கே என்றால், கொஞ்சம் உங்கள் பீரோவிலும் இருக்கிறது.

வாசகர், குத்துக்கல்வலசை

கே: ஆடித் தள்ளுபடியிலேயே புது போன் வாங்கிவிடவா, தீபாவளி வரை பொறுக்கவா அண்ணாச்சி?

ப: இந்தக் கேள்வியைக் கையிலிருக்கும் போனில்தானே தட்டி அனுப்பினீர்கள்? ஒரு எழுத்துப் பிழைகூட இல்லையே. பொங்கல் வரை பொறுக்கலாம்.