திங்கள் மட்டும் நிரம்பிய பிளானர்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஆசையாய் வாங்கும் பிளானரில் திங்கள்கிழமைப் பக்கம் மட்டும் கலர் கலராய் ஜொலிக்கும். செவ்வாய் பாதி. புதனிலிருந்து பால் கணக்கு. பிளானரின் கட்டங்களில் சிலிண்டர்காரருக்கும், பராமரிப்பு மின்தடைக்கும், "வீட்லதானே இருக்கே, மூணு விசில் வந்தா குக்கரை அணைச்சிடு" என்பதற்கும் இடமே கிடையாது.

இந்த விஷயத்தில் நம் தினசரிக் காலண்டர் கெட்டி. திங்களன்று 7.30 முதல் 9 வரை ராகு காலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம், 1.30 முதல் 3 வரை குளிகை என்று பகலில் நாலரை மணி நேரத்தை அச்சிலேயே கழித்துவிடுகிறது. (மிச்சத்தை மீட்டிங் பார்த்துக்கொள்ளும்.) குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். ஆகவே, பிளானரை மட்டும் அந்த நேரத்தில் வாங்கிவிடாதீர்கள்.