பேராதனையில் முன்னொட்டு நீக்கம்: பைத்தன் 3.9 குறித்த ஓர் ஆய்வு

பைத்தன் என்னும் கணினிமொழியின் 3.9 ஆம் பதிப்பு 2020 ஒக்டோபர் 5 அன்று வெளிவந்தது. எழுத்துத் தொடர்களைக் கையாள அதில் இரண்டு புதிய வசதிகள் உள்ளமைந்தே வந்தன. ரிமூவ்பிரிஃபிக்ஸ், தொடரின் தலையிலிருந்து நாம் சொல்லும் துண்டை வெட்டும். ரிமூவ்சஃபிக்ஸ் வாலிலிருந்து வெட்டும். உலகம் இவற்றைச் சில்லறைச் சங்கதி என்று கடந்துபோயிற்று. பெயருக்கு முன்னால் ஒன்றும் ஒட்டாத மனிதரைக் காண்பதே அரிதான பேராதனை வளாகத்தில் அப்படிக் கடந்துபோக முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுப்பொருளாகத் தமிழ்ச் சங்க விழா அழைப்பிதழ் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்த வேண்டும், அதற்குமுன் 'திரு.' என்பதைக் கழற்ற வேண்டும். பழைய காலத்தில் இதற்கு எல்ஸ்ட்ரிப் என்ற கருவியைத்தான் அவசரக்காரர்கள் தூக்குவார்கள். அதுவோ கொடுத்த சொல்லைச் சொல்லாகப் பார்க்காது. அதிலுள்ள த, ர, இகர உகரக் குறிகள், முற்றுப்புள்ளி ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றவாளிகளாக எடுத்துக்கொண்டு, வரிசையில் வேறொருவர் குறுக்கிடும்வரை எல்லோரையும் வெளியேற்றும். 'திரு.திருச்செல்வம்' என்று கொடுத்தால் 'ச்செல்வம்' என்று திரும்பி வரும். மெய்யெழுத்தில் தொடங்கும் பெயரோடு ஒரு மனிதர் மேடையேற நேர்வதைத் தொல்காப்பியர் பொறுத்திருக்கமாட்டார்.

வாலில் நடப்பது இன்னும் நுட்பமான கொடுமை. ' அவர்கள்' என்பதை நீக்க எல்ஸ்ட்ரிப்பின் வால்பக்க இணையான ஆர்ஸ்ட்ரிப்பை ஏவினால், அச்சொல்லுக்குள் மெய்ப்புள்ளியும் இருப்பதால், பொன்னம்பலம் தம் புள்ளியை இழந்து 'பொன்னம்பலம' ஆகிறார். பரீட்சையில் மட்டுமே புள்ளி குறையும் என்று நம்பியிருந்த சமூகத்துக்கு இது பேரிடி. சிவகுமார் 'சிவகுமா' ஆகிறார். கணபதிப்பிள்ளைகளும் இராமசாமிகளும் ஈற்றில் உயிர்க்குறி இருந்ததால் மயிரிழையில் தப்புகிறார்கள். மனோகர் 'மனோ' ஆகிறார். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் இதைப் பிழையென்று அடித்துச் சொல்லவும் இயலவில்லை.

இக்குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் நிரலர்கள் இதைப் பைத்தனின் கோளாறென்று மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். கருவி சொன்னபடிதான் நடக்கிறது என்று மீண்டும் மீண்டும் பதில் வந்தது. கடைசியில் பெப் 616 என்ற முன்மொழிவு புதிய இரட்டையர்களைக் கொண்டுவந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். முந்திய 3.8 ஆம் பதிப்பில் வந்த := என்ற குறிக்கு, கண்ணும் தந்தமும் தெரிகின்றன என்று வால்ரஸ் எனப் பெயரிட்டார்கள். கண்டியில் பிறந்திருந்தால் அது பெரஹராவில் நடக்கும் கொம்பன் யானையாகியிருக்கும். அக்குறி கிளப்பிய சச்சரவு ஓய்ந்ததும், 2018 ஜூலையில், மொழியைப் படைத்த கைடோ வான் ரொசம் 'ஆயுட்கால நற்சர்வாதிகாரி' என்ற தம் பட்டத்தையே துறந்தார். வாழ்நாட் பேராசிரியர்கள் உலவும் ஊரில், ஆயுள் முடியுமுன் ஒருவர் தாமாகவே முன்னொட்டைக் கழற்றினார் என்பதை மாணவரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

புதிய கருவி நாகரிகமானது. பட்டம் இல்லாதவரிடம் பட்டத்தைப் பறிக்கச் சொன்னாலும் பிழைச்செய்தி காட்டாமல் பெயரை அப்படியே திருப்பித் தரும். ஆனால் ஓர் அழைப்புக்கு ஒரு வெட்டுத்தான். 'பேராசிரியர் கலாநிதி திருச்செல்வம்' என்பவரிடம் பேராசிரியரை நீக்கினால் கலாநிதி நிமிர்ந்து நிற்பார். பல முன்னொட்டுகளை ஒரே தடவையில் கொடுக்கும் யோசனையும் பெப் 616 ஆராயப்பட்டபோது எழுந்தது, நிராகரித்துவிட்டார்கள். நிராகரித்தவர்கள் கலஹா சந்தியில் இறங்கி வளாகத்துக்குள் ஒருமுறை நடந்து, கதவுகளிலுள்ள பெயர்ப்பலகைகளை வாசித்திருக்க வேண்டும் என்பது எம் துணிபு.

இக்கட்டுரையை வாசித்துக் கலங்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். பைத்தனில் எழுத்துத் தொடர் மாறாத்தன்மை உடையது. ரிமூவ்பிரிஃபிக்ஸ் புதிய பிரதி ஒன்றைத்தான் வெட்டித் தருகிறது. மூலத்தில் உங்கள் பட்டங்கள் அனைத்தும் இருந்தபடியே இருக்கும்.