கடைசி பெஞ்சுக்குப் போட்டி

முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோரும் சமத்துவவாதிகள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை நம்புகிறவர்கள் உஷுவாயாவில் ஏதாவது ஒரு ஹாஸ்டலில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவின் தென்கோடியில், பீகிள் கால்வாயின் கரையில் இருக்கிற ஊர் அது. அங்கே சமையலறை மேஜையில் யாரும் பெயர் கேட்பதில்லை. எதில் வந்தாய் என்பதுதான் முதல் கேள்வி. பதிலைப் பொறுத்து மரியாதை.

அலாஸ்காவிலிருந்து சைக்கிள் மிதித்தே வந்த டச்சுக்காரருக்கு ஹீட்டர் பக்கத்து நாற்காலி. வழியெல்லாம் லிஃப்ட் கேட்டு வந்த பிரெஞ்சு ஜோடிக்கு அதற்கடுத்த இடம். புவனோஸ் ஐரிஸிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி வந்த பிரேசில் பையனுக்குத் தோளில் ஒரு தட்டு. "விமானத்தில்" என்று நான் சொன்னதும், வெந்நீர்க் கெட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள்.

ஊரைப் பார்த்தால் அவர்களைக் குற்றம் சொல்லத் தோன்றாது. எதைத் தொட்டாலும் 'உலகின் முடிவு'. உலகின் முடிவு அருங்காட்சியகம், உலகின் முடிவுக் கலங்கரை விளக்கம், உலகின் முடிவு ரயில். அந்தக் காலத்தில் இங்கிருந்த சிறைக் கைதிகள் விறகு வெட்டப் போன தடம்தான் ரயிலுக்கு மூலதனம். சிறையை 1947இல் மூடிவிட்டார்கள். கைதிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு போன வழியில் இப்போது நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம். படகில் போய்ப் படம்பிடிக்கும் கலங்கரை விளக்கத்தை ஜூல் வெர்ன் நாவலில் வருவது என்று நம்பிப் பலர் உருகுகிறார்கள். வெர்னுடையது கிழக்கே வெகு தொலைவில், எஸ்டாடோஸ் தீவில் இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அங்க என்ன மக்கா இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. உலகம் இங்கதான் முடியுது."

"முடிஞ்சாச்சுல்லா? பொறப்பட்டு வா."

வந்திருப்பேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒரு குண்டைப் போட்டார்கள். கால்வாய்க்கு அக்கரையில், சிலி நாட்டின் நாவரினோ தீவில், புவேர்ட்டோ வில்லியம்ஸ் என்று ஒரு ஊர் இருக்கிறதாம். உஷுவாயாவைவிடத் தெற்கே. சைக்கிள்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். இரண்டு கண்டம் மிதித்து வந்த மனிதர். முடிவுக்கு ஒரு கால்வாய் முன்னாலேயே பிரேக் போட்டுவிட்டார்.

மூட்டையைக் கட்டி மொத்தக் கூட்டமும் கிளம்பியது. சின்னப் படகு, பெரிய காற்று. படகுக்குக் கொடுத்த காசில் நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நாலைந்து முறை ரயிலில் போய் வந்திருக்கலாம். பழம், விதை, தேன் எதையும் சிலி உள்ளே விடாது. என் புளிக்காய்ச்சல் பாட்டிலை அதிகாரி திறந்து மோந்தார். சக அதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் மோந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டு, பாட்டிலை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்கள்.

இவ்வளவு கெடுபிடிக்கும் டிமிக்கி கொடுத்தவை பீவர் என்கிற பிராணிகள். தோல் வியாபாரத்துக்கென்று 1946இல் அர்ஜென்டினா அரசு கனடாவிலிருந்து பீவர்களைக் கொண்டுவந்து தன் பக்கத்துக் காட்டில் விட்டது. வியாபாரம் படுத்துவிட்டது, பீவர்கள் லட்சக் கணக்கில் பெருகிவிட்டன. மரத்தைக் கடித்துச் சாய்த்து, ஓடையை மறித்து, காட்டை மூழ்கடித்து, கால்வாயையும் நீந்திக் கடந்து சிலிக்கு வந்து சேர்ந்தன. ஹாஸ்டல் வரிசையில் முதல் நாற்காலி நியாயமாக அவற்றுக்குத்தான்.

புவேர்ட்டோ வில்லியம்ஸ் 1953இல் கடற்படைக்காக உருவான ஊர். சுமார் 2,000 பேர். "அது கிராமம், நகரம் என்றால் நாங்கள்தான் கடைசி" என்று உஷுவாயா மார்தட்டிக்கொண்டிருந்தது. 2019இல் சிலி அதை நகரம் என்று அறிவித்து, அந்த வாயையும் அடைத்தது. சிரிக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள மூன்று தீவுகளுக்காக 1978 டிசம்பரில் இரு நாடுகளும் போருக்கே கிளம்பின. போப்பாண்டவர் குறுக்கே விழுந்து தடுத்து, 1984இல் கையெழுத்து வாங்கினார்.

இத்தனை கூத்துக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே யாகன் மக்கள் இந்தக் கால்வாயில், தோணிக்குள்ளேயே நெருப்பை அணையாமல் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி கிறிஸ்டினா கால்டெரோன், இந்த ஊர் ஓரத்தில்தான் 2022 வரை வாழ்ந்தார். வெளியூர்க்காரன் வந்து சொல்லும்வரை யாருடைய வீடும் உலகத்தின் முடிவில் இருப்பதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு இந்த ஞானமெல்லாம் உறைக்கவில்லை. இன்னும் தெற்கே புவேர்ட்டோ டோரோ என்று மீனவர் குடியிருப்பு இருப்பது காலையில் தெரிந்தது. மதியம் கேப் ஹார்ன் கலங்கரை விளக்கத்தில் ஒரு கடற்படைக்காரர் குடும்பத்தோடு குடியிருப்பது தெரிந்தது. மாலையில் அண்டார்டிகா வந்தது. பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அர்ஜென்டினா ஏழு மாதக் கர்ப்பிணியை விமானத்தில் ஏற்றி அண்டார்டிகாவுக்கு அனுப்பியது; 1978 ஜனவரியில் எமிலியோ பால்மா அங்கே பிறந்தார். நிலத்தின் மீது பாத்தியதை நாட்ட ஒரு குழந்தை! சிலி சும்மா இருக்குமா? 1984இல் அதுவும் ஒன்று பெற்றுக்கொண்டது. சைக்கிள்காரர் வரைபடத்தை மடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

எனக்கும் லேசாக ரத்தம் சூடேறியிருந்தது. மளிகைக் கடையில் ரொட்டி வாங்கும்போது, தெரிந்த நாலு ஸ்பானிய வார்த்தைகளை வைத்துக் கடைக்கார அம்மாளிடம், "நானும் தெற்குதான். கன்னியாகுமரி. எங்கள் நாட்டுக்கே கடைசி" என்றேன். நிகோபாரில் இந்திரா முனை என்று ஒன்று இருப்பதை நாங்கள் வெளியூரில் சொல்வதில்லை.

போனில் வரைபடத்தைக் காட்டினேன். தன் ஊரில் விரலை வைத்துக் கீழே தள்ளினார். தள்ளினார், தள்ளிக்கொண்டே போனார். பூமத்திய ரேகையும் தாண்டிவிட்டது. கன்னியாகுமரி வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடேயப்பா, நீங்கள் வடக்கத்திக்காரரா!"

மறுத்துப் பேச வழியில்லை. அவர் கல்லாப்பெட்டிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே 63 பாகை இருந்தது.