காதலுக்கு ஒரு கோச்சிங் சென்டர்

ஐ.ஐ.டி.க்கு கோச்சிங் உண்டு, ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உண்டு, எல்.கே.ஜி. அட்மிஷனுக்குக்கூட உண்டு. முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பதற்கும் கோச்சிங் உண்டு, அதற்குப் பாடத்திட்டம், பயிற்சி வகுப்பு, களப்பணி எல்லாம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தபோது என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே கீழே வருவதெல்லாம் ஆராய்ச்சி நோக்கில் மட்டுமே எழுதப்பட்டது என்பதை என் வீட்டார் நம்ப வேண்டும்.

வாத்தியாரின் பெயர் எரிக் வான் மார்கோவிக். 1971-ல் பிறந்தவர், கனடாவின் டொரோன்டோக்காரர், தொழில்முறை மேஜிக் கலைஞர். மேடைப் பெயர் மிஸ்டரி. லாஸ் வேகாஸில் பெரிய அரங்கில் வித்தை காட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. அது நிறைவேறும்வரை சும்மா இருப்பானேன் என்று, வேறொரு வித்தையைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு அதுவே முழுநேரத் தொழிலாகிவிட்டது.

ஆள் ஆறடி ஐந்து அங்குலம். அது போதாதென்று காலில் உயரமான பூட்ஸ். தலையில் புசுபுசுவென்று ரோமத் தொப்பி, தொப்பியின் மேல் அந்தக்காலத்து விமானிகள் போடும் கண்ணாடி, விரல் நகங்களில் கறுப்புச் சாயம், கழுத்திலும் கையிலும் என்னென்னவோ உலோகங்கள். இதெல்லாம் தற்செயல் இல்லை. இதற்கு 'பீகாக்கிங்' என்று பெயர் வைத்து ஒரு பாடமாகவே நடத்தினார். ஆண் மயில் தோகை விரிப்பதைப்போல ஆணும் கண்ணைப் பறிக்கிற எதையாவது மாட்டிக்கொள்ள வேண்டுமாம். எங்கள் தெருவில் இந்தக் கோலத்தில் ஒருவர் நடந்தால் முதலில் கவரப்படுவது நாய்கள். அடுத்தது ரோந்து போலீஸ்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் மேஜிக்காரரின் மூளை நன்றாகத் தெரிகிறது. ஒரு பெண்ணைப் பார்த்தால் மூன்று விநாடிக்குள் போய்ப் பேசிவிட வேண்டும், தாமதித்தால் பயம் வந்துவிடும். பிடித்த பெண்ணிடம் நேரே பேசக் கூடாது, அவளோடு வந்திருக்கும் கூட்டத்திடம் பேச வேண்டும். முதல் கேள்வி முன்கூட்டியே மனப்பாடம்: "பெண்கள் தரப்பில் ஒரு கருத்து வேண்டும். அதிகம் பொய் சொல்வது ஆண்களா, பெண்களா?" உடனே அடுத்த வரி: "எனக்கு ஒரு நிமிஷம்தான் நேரம், நண்பர்கள் காத்திருக்கிறார்கள்." இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் "ரெண்டே நிமிஷம் சார்" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் உட்காருகிற அதே நுட்பம். பிறகு சின்னச் சின்ன வித்தைகள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்லி "ஏழு" என்பார்கள். மனதைப் படிப்பது ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்கள் ஏழைத்தான் நினைக்கிறார்கள். தப்பாகிப்போனால் அடுத்த மேஜைக்குப் போகலாம், நண்பர்கள்தான் காத்திருக்கிறார்களே.

இவற்றிலெல்லாம் பேர்போனது 'நெக்'. பாராட்டுகிற மாதிரி ஆரம்பித்து ஒரு குத்து வைப்பது. "நகம் அழகா இருக்கே, ஒட்டினதா?" என்று கேட்பது பால பாடம். இதைத் தமிழ்நாட்டுக் கணவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம்.

"புடவை நல்லாத்தான் இருக்கு. பழசா?"

"போன வாரம் நீங்கதான் பில்லு கட்டினீங்க."

அன்று இரவு சாப்பாடு என்ன ஆனது என்பதை மணமான வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். கட்டிய மனைவி திருப்பிக் கொடுப்பாள், கணக்கு நேராகிவிடும். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் தன்னம்பிக்கையில் வேண்டுமென்றே ஓட்டை போட்டுவிட்டு, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழையப் பார்ப்பது எனக்குத் திறமையாகத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஃபீஸ் வேறு.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பீர்கள். நீல் ஸ்ட்ராஸ் என்ற பத்திரிகையாளர் கட்டியது 500 டாலர். நியூயார்க் டைம்ஸிலும் ரோலிங் ஸ்டோனிலும் எழுதியவர், பெரிய பெரிய ராக் பாடகர்களைப் பேட்டி கண்டவர், ஆனால் பெண்கள் எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வங்கியிலிருந்து பணத்தை எடுத்து, வெள்ளைக் கவரில் போட்டு, மேலே 'மிஸ்டரி' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனதை அவரே கூச்சத்தோடு எழுதியிருக்கிறார். போன இடத்தில் மாணவராகி, பிறகு உதவி வாத்தியாராகி, 'ஸ்டைல்' என்ற பட்டப்பெயரும் பெற்றார். எல்லாவற்றையும் 2005-ல் 'தி கேம்' என்ற புத்தகமாகப் போட்டார். அது பெஸ்ட் செல்லர் ஆனது, மிஸ்டரி உலகப் புகழ் பெற்றார்.

அந்தப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. கறுப்புத் தோல் மாதிரி அட்டை, தாள்களின் ஓரத்தில் தங்கப் பூச்சு, நடுவில் சிவப்பு ரிப்பன். வேண்டுமென்றே பைபிள் மாதிரி செய்திருக்கிறார்கள்.

"என்னங்க, திடீர்னு பைபிள் எல்லாம்?" என்றாள் மனைவி.

"எல்லா மதத்துலயும் நல்லது இருக்கு" என்றேன். அவள் அதைப் பயபக்தியோடு பூஜை அறை அலமாரியில் கந்தர் சஷ்டி கவசத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

மிஸ்டரி இந்தத் தொழிலின் பிதாமகர் இல்லை. அவருக்கு முன்பே, 1992-ல், ராஸ் ஜெஃப்ரிஸ் என்ற அமெரிக்கர் இதே விஷயத்தில் புத்தகம் போட்டு, பேச்சாலேயே மனதை மயக்கலாம் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் போனால் ரோமாபுரிக் கவிஞர் ஓவிட். ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன் தன்னைத்தானே காதலின் ஆசிரியர் என்று அறிவித்துக்கொண்டு 'ஆர்ஸ் அமடோரியா' எழுதியவர். ரதப் பந்தயம் பார்க்கப் போனால் பெண்ணின் பக்கத்தில் நெருக்கி உட்கார், அவள் மடியில் தூசி விழுந்தால் தட்டிவிடு, தூசியே விழாவிட்டாலும் தட்டிவிடு என்கிறார். மிஸ்டரியின் மொத்தப் பாடத்திட்டமும் அந்த இல்லாத தூசிதான். ஒரு வித்தியாசம், ஓவிட் தன் நூலின் மூன்றாம் பாகத்தைப் பெண்களுக்காக எழுதினார். எதிரணிக்கும் ஆயுதம் கொடுத்த நியாயஸ்தர். பலன்? கி.பி. 8-ல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி அவரைக் கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்தினார். அங்கிருந்து மனு மேல் மனு எழுதியும் கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

மிஸ்டரியை யாரும் நாடு கடத்தவில்லை, அவராகவே ஹாலிவுட்டுக்குப் போனார். சிஷ்யர்கள் சேர்ந்து ஒரு மாளிகையை வாடகைக்குப் பிடித்தார்கள். பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின் ஒருகாலத்தில் இருந்த வீடு என்று ஸ்ட்ராஸ் எழுதுகிறார். பெண்களைக் கவர்ந்து வாழ்வதற்கென்றே எடுத்த வீடு. போய்ப் பார்த்தால் திரும்பிய பக்கமெல்லாம் ஆண்கள்! துணிமணி வைக்கிற அறையில்கூட ஆள் படுத்திருந்தது. ஒரே கூரையின்கீழ் இரண்டு போட்டிக் கம்பெனிகள், யார் மாணவனை யார் இழுத்தது என்று சண்டை. பாடகி கோர்ட்னி லவ் கொஞ்சகாலம் அங்கே வந்து தங்கினார். அந்த வீட்டுக்கு அவர் வந்தபிறகுதான் கொஞ்சம் களை வந்ததென்று படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

தொழில் முறையிலும் ஒரு சிக்கல். மேஜிக்காரர் ஒரே வித்தையைத் தினமும் காட்டலாம், பார்க்கிற ஆட்கள் மாறுவதால். இங்கேயோ பயிற்சி பெற்ற அத்தனை பேரும் சன்செட் சாலையின் அதே நாலைந்து பார்களுக்குப் போனார்கள், அதே கேள்வியைக் கேட்டார்கள். "இதைத்தான் ஏற்கெனவே ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனாரே" என்று பெண்கள் சொல்லும் நிலை வந்தது. கேள்வித்தாள் அவுட்!

வாத்தியாருக்கே ஒரு பெண்மீது நிஜமான காதல் வந்தது அந்த வீட்டில்தான். அவள் அதே வீட்டிலிருந்த இன்னொருவரோடு போய்விட்டாள். மிஸ்டரி மனம் உடைந்து நொறுங்கிப்போனார். ஸ்ட்ராஸின் புத்தகம் தொடங்குவதே அந்த நொறுங்கலில்தான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டால் அவரும் நம்மில் ஒருவர்தான்.

ஆனால் தொப்பி திரும்பவும் ஏறியது. 2007-ல் விஎச்1 தொலைக்காட்சியில் 'தி பிக்அப் ஆர்ட்டிஸ்ட்' என்ற நிகழ்ச்சி, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் எடுத்தது. கூச்ச சுபாவம் உள்ள எட்டு ஆண்கள், வாரம் ஒருவர் வெளியேற்றம், ஜெயித்தவருக்கு 50,000 டாலர். அதே வருஷம் அவருடைய பாடநூலும் வந்தது. 2008-ல் இரண்டாம் சீசன், அதோடு சரி. பிறகு வந்த பயிற்சியாளர்கள் சிலரைப் பார்த்தால் மிஸ்டரி பரமசாது. 2014-ல் ஒருவருக்கு எதிராகப் பெரிய கண்டனம் எழுந்து, ஆஸ்திரேலியா அவருடைய விசாவை ரத்து செய்தது, பிரிட்டன் உள்ளேயே விடவில்லை.

இத்தனை வருஷக் கதையில் பெண்கள் எங்கே என்று தேடிப் பார்த்தேன். பாடத்தில் இருக்கிறார்கள், பரீட்சையில் இருக்கிறார்கள். வகுப்பில் இல்லை, கல்லாவிலும் இல்லை. புத்தகம் வாங்கியவன் ஆண், ஃபீஸ் கட்டியவன் ஆண், ராத்திரி வீடு திரும்பி "இன்றைக்கு எத்தனை பேரிடம் பேசினாய்" என்று கேட்டுச் சிலாகித்தவனும் ஆண். மிஸ்டரி மயக்கத் தெரிந்தவர்தான், ஆண்களை.

மாணாக்கர் ஸ்ட்ராஸ் 2013-ல் கல்யாணம் செய்துகொண்டார். தன் வாழ்க்கை முறையைத் தானே விசாரித்து 2015-ல் 'தி ட்ரூத்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2018-ல் விவாகரத்து ஆனது.

கவரில் பணத்தோடு கிளம்பத் தயாராக நிற்கிற தம்பி யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் உன் பெயரைச் சொல், அவள் பெயரைக் கேள். பேசினால் நீயும் பேசு. பேசாவிட்டால் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. எனக்கு ஃபீஸ் ஒன்றும் வேண்டாம்.