சட்டைப்பைக்கு ஓர் உதவியாளர்

கையடக்கக் கணினி வாங்கப் போகிறவர் முதலில் தன் சட்டைப்பையை அளந்துகொள்ள வேண்டும். பாம் பைலட் என்கிற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அப்படித்தான் ஆரம்பித்தார். அது உருவாவதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். யாராவது ஏதாவது கேட்டால் கட்டையை வெளியே எடுப்பார், ஒரு குச்சியால் நாலு தட்டுத் தட்டி, குறித்துக்கொள்வதாகப் பாவனை செய்வார். கலிஃபோர்னியாவில் இப்படிச் செய்ததால் 1996-ல் பைலட் 1000 வெளிவந்தது. எங்கள் ஊரில் செய்திருந்தால் வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள்.

அவர் சட்டைப்பை காலியாக இருந்திருக்க வேண்டும். என்னுடையதில் ஏற்கெனவே பஸ் பாஸ், மூக்குக்கண்ணாடி, மை கசியும் பேனா, மடித்த மளிகைச் சீட்டு, விபூதிப் பொட்டலம் எல்லாம் பட்டா வாங்கிக் குடியிருந்தன.

இருந்தாலும் 2002 வாக்கில் எனக்கும் ஒன்று வேண்டும் என்றாகிவிட்டது. காரணம் எங்கள் மேலாளர். கூட்டத்தில் தேதி பேச்சு வந்தாலே, அவர் தன் கருவியின் பக்கவாட்டிலிருந்து குச்சியை உருவுவார். உருவும் அழகிலேயே அவருக்கு நம்மைவிட வேலை அதிகம் என்று தெரிந்துவிடும். வேலை இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஆகவே சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட். அந்தச் சந்தில் அப்போது எது கேட்டாலும் 'இல்லை' என்ற பதில் வராது. 'வேற கலர் இருக்கு' என்றுதான் வரும்.

ஆப்பிள் நியூட்டன் பற்றி விசாரித்தேன், சும்மா ஓர் ஆசைக்கு. அது 1993-ல் வந்து 1998-லேயே நிறுத்தப்பட்டுவிட்ட சாமான். நாம் எழுதுவதைப் படித்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். படித்த லட்சணத்தை டூன்ஸ்பரி என்கிற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரே நக்கலடித்தது. என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. அதை ஓர் இயந்திரத்திடம் கொடுப்பது பாவம். சையான் சீரிஸ் 5-ல் விசைப்பலகை அம்சமாக இருந்தது. ஆனால் அந்த நிறுவனம் 2001-லேயே இந்த வியாபாரத்திலிருந்து விலகிக்கொண்டது.

"ஐபேக் எடுத்துக்குங்க சார். கலர் ஸ்கிரீன். பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"டைரி எழுதலாமா?"

"அதுவும் எழுதலாம்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஐபேக்கில் ஒரு சிக்கல் உண்டு. சார்ஜ் முழுக்கத் தீர்ந்தால், தலையில் அடிபட்ட பழைய சினிமா கதாநாயகன் மாதிரி எல்லாவற்றையும் மறந்துவிடும். கல்யாணத்துக்கு ஊருக்குப் போய், மண்டபத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் நாதஸ்வரக்காரரின் சுருதிப்பெட்டி செருகியிருந்தால் என் கதி?

உண்மையில் என் மனதைக் கவர்ந்தது கடையில் இல்லாத ஒன்று. பெங்களூர் விஞ்ஞானிகள் சிம்ப்யூட்டர் என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு போதும், கருவியை ஊரே மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்தரங்க உதவியாளரை ஊருக்கே பொதுவில் விடுவது என்கிற யோசனை நம்மவர்களுக்குத்தான் வரும். தெருவுக்கே ஒரு தொலைபேசி இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான், சட்டென்று பிடித்துப்போயிற்று. அது விற்பனைக்கு வந்தது 2004-ல். அதற்குள் ஊர் செல்போன் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் பாம் எம்105. கறுப்பு வெள்ளைத் திரை, 8 எம்பி நினைவகம், பாட்டும் கிடையாது கூத்தும் கிடையாது. உதவியாளர் என்று ஒருவரை வைத்துக்கொண்டால் அவர் நம்மைவிடக் கொஞ்சம் மந்தமாக இருப்பதுதான் வீட்டுக்கு நல்லது.

அதற்கென்று கிராஃபிட்டி என்கிற தனி எழுத்துமுறை உண்டு. ஒவ்வொரு எழுத்தையும் பெரும்பாலும் ஒரே கோட்டில் எழுதியாக வேண்டும். 'ஏ'வுக்குக் குறுக்குக்கோடு இல்லை, கூரை மட்டும்தான். 'டி' என்றால் இடமிருந்து வலம் போய்க் கீழே இறங்கிவிட வேண்டும். தமிழ் தெரியாது. 'ட' எழுதிப் பார்த்தேன், 'எல்' என்று போட்டது. 'ப' எழுதினால் 'யு'. நாற்பது வயதில் மறுபடி நெல்லில் விரல் வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அலுவலகத்தில் எல்லாரும் வேடிக்கை பார்க்க எழுதியதால் சீக்கிரம் வந்துவிட்டது.

முகவரிப் புத்தகம்தான் சோதித்தது. அமெரிக்கர் செய்தது ஆகையால் அதற்குக் குடும்பப்பெயர் வேண்டும், அதை வைத்துத்தான் அகரவரிசைப்படுத்தும். நம்மிடம் இருப்பது இனிஷியல். எம். முருகேசனுக்கு அந்த இடத்தில் 'எம்' என்று போட்டேன். விளைவு, என் நண்பர்கள் அனைவரும் அவரவர் அப்பா பெயரில் வரிசையாக நின்றார்கள். ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் அவருடைய தகப்பனார் யாரென்று முதலில் யோசிக்க வேண்டும். ஸ்கூட்டர் மெக்கானிக்கின் தகப்பனாரை எனக்குத் தெரியாது. அவரை நிறுவனத்தின் பெயர் போடும் இடத்தில் 'ஸ்கூட்டர்' என்று ஒதுக்கி வைத்தேன்.

நாட்குறிப்பு இன்னும் மோசம். எத்தனை மணிக்கு என்று கேட்கும். என்னைப் பார்க்க வருகிறவர்களோ 'சாயங்காலமா வரேன்' என்பார்கள். அது நாலிலிருந்து ஒன்பது வரை எதுவாகவும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. மேலாளர் எட்டிப் பார்த்தால் மானம் போகும். அப்போதுதான், ஒரே நிகழ்ச்சியை வாராவாரம் தானே வரும்படி வைக்கலாம் என்று கண்டுபிடித்தேன். ராகுகாலத்தைப் போட்டேன். திங்கள் 7.30 முதல் 9, செவ்வாய் 3 முதல் 4.30 என்று வாரத்துக்கு ஏழு சந்திப்புகள், ஒன்றுகூடத் தவறாது. ஆங்கிலத்தில் 'ஆர்.கே.' என்று சுருக்கமாகப் போட்டிருந்தேன். இந்த ஆர்.கே. பெரிய வாடிக்கையாளர் போலிருக்கிறது என்று மேலாளர் ஒருமுறை மரியாதையாக விசாரித்தார். ஆமாம், கிழமைக்குக் கிழமை நேரத்தை மாற்றுவார் என்றேன்.

வீட்டில் அந்தக் கருவிக்கு நல்ல பெயர். அதில் இருந்தவை இரண்டு சின்ன பேட்டரிகள், டிவி ரிமோட்டில் போடுகிற அதே அளவு. ஒருநாள் இரவு அலுவலகம் விட்டு வந்து திறந்தால், முன்பின் பார்த்திராத ஆளை வரவேற்பதுபோல் வரவேற்று, இங்கே தொடு, அங்கே தொடு என்றது. பேட்டரி மாற்ற அது கொடுப்பது சுமார் ஒரு நிமிட அவகாசம். மேலே போனால் உள்ளே இருப்பது அத்தனையும் காலி.

"பேட்டரிய யாரு எடுத்தது?"

"நான்தான். சீரியல் ஆரம்பிச்சிருச்சு, ரிமோட் வேலை செய்யல. முடிஞ்சதும் பழைய பேட்டரிய உங்களதுல போட்டுட்டேனே, ஓடுதில்ல?" என்றாள் மனைவி.

ஓடியது. அலுவலகக் கணினியோடு இணைத்திருந்த தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அங்கிருக்கும் நகலிலிருந்து மறுநாள் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதுவரை எனக்கு யாரையும் தெரியாது, எங்கும் போக வேண்டியதில்லை, ராகுகாலம்கூட இல்லை. மறு ஒளிபரப்பில் அதே சீரியலை உட்கார்ந்து பார்த்தேன்.